அறுபது மில்லிமீட்டருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

1978ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற திறந்த பிரிட்டிஷ் காரிலிருந்து 1798 சி.சி. நாலு சிலிண்டர் எஞ்சினை இறக்கிவிட்டு, 3528 சி.சி. ரோவர் வி-8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினை வைத்த வேலை முடிந்தது. எஞ்சினை மூடும் பானெட்டின் மேல்தகட்டில் ஓர் ஓட்டையும் இல்லை, கூம்பும் முளைக்கவில்லை. அப்படியே மூடுகிறது.

எஞ்சின் அந்த இடத்தில் உட்காருமா என்பது இந்த வண்டியில் கேள்வியே இல்லை. இங்கிலாந்தில் எம்ஜியின் அபிங்டன் ஆலை 1973 முதல் 1976 வரை 2,591 எம்ஜிபி ஜிடி வி-8 கார்களை இதே எஞ்சினோடு அனுப்பியிருக்கிறது. தொல்லை கொடுத்தது உயரம்தான். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் நான்கு வாய் கார்ப்ரேட்டரும் அதன் மேல் ஏர் ஃபில்டரும் ஏறியதும், பானெட்டுக்கு அடியில் 60 மி.மீ. இடம் பற்றாக்குறை. அந்த அறுபதை ஆளுக்குக் கொஞ்சமாகத் தேடிக் கொடுத்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் வணக்கம் களிமண் யோசனை சொன்ன பெரியவருக்கு. டேப் பிடித்து அளப்பதில் பயனில்லை, மூடிய பானெட்டுக்குள் கை போகாது என்று அவர் சொன்னதால் பிள்ளைகளின் விளையாட்டுக் களிமண் வாங்கினோம். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்ப்ரேட்டர் கழுத்தின் (காற்று நுழையும் வாயின்) முன், பின், இடம், வலம் என நாலு இடத்திலும், தெர்மோஸ்டாட் மூடியிலும் 80 மி.மீ. உயரக் கூம்புகள். ஒட்டாமலிருக்க மேலே சமையலறை பிளாஸ்டிக் தாள். பானெட்டை மெல்ல இறக்கி, கொக்கி மாட்டும்வரை அழுத்தித் திறந்து, நசுங்கிய கூம்பில் பல்குச்சியைக் குத்தி அளக்க வேண்டும். கழுத்திலிருந்து பானெட் தகடு 58 மி.மீ., தகட்டின் உட்புறச் சட்டம் 40 மி.மீ. என்று வந்தது.

அளப்பதற்கு முன் எஞ்சினில் ஆயில், தண்ணீர், பின்னால் கியர்பாக்ஸ் எல்லாம் இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். எடை முழுதாக ஏறினால்தான் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் உண்மையாக அமுங்கும். பானெட்டின் ரப்பர் முட்டுகளும் கடைசி உயரத்தில் இருக்க வேண்டும். அவற்றை இரண்டு திருகு மாற்றினால் முன்பக்கக் கணக்கே மாறிவிடும்.

மொத்தக் கணக்கு இது. 75 மி.மீ. ஃபில்டரும் அதைத் தாங்கும் தட்டையான அடித்தட்டும் போட்டால், மூடி, நட்டு எல்லாம் சேர்த்து கழுத்துக்கு மேல் 80 மி.மீ. நிற்கும். அதற்கு மேல் குறைந்தது 20 மி.மீ. வெறும் காற்று வேண்டும். ஆக 100. இருப்பதோ 40.

இருபது எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் முறுக்கும். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் எழும், வலப்பக்கம் அமுங்கும். ரப்பர் மவுண்ட் 6 மி.மீ. நீண்டால் ஃபில்டரின் இட விளிம்பும் ஏறக்குறைய அவ்வளவே எழும். பானெட்டை ஓங்கி மூடும்போது தகடு உள்ளே வளைவது தனி. நின்ற நிலையில் அளந்து 8 மி.மீ. இருக்கிறதே என்று நிம்மதியானால், முதல் மேட்டிலேயே பெயின்ட் புடைத்துக்கொள்ளும்.

ஃபில்டர் தேர்வில் எங்களைத் தடுத்து நிறுத்திய லேத் பட்டறைத் தம்பிக்குத் தனி நன்றி. 50 மி.மீ. ஃபில்டரையும் 20 மி.மீ. தாழ்ந்த அடித்தட்டையும் சேர்த்துப் போட்டால் வேலை முடிந்தது என்றிருந்தோம். அவர் பென்சில் எடுத்தார். காற்று மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் நுழைகிறது. அந்த இடைவெளி கழுத்து விட்டத்தில் நாலில் ஒரு பங்குக்குக் கீழே போனால், கழுத்தின் பரப்பைவிடக் காற்று வரும் வழி சின்னதாகிவிடும். கழுத்து 130 மி.மீ.; நாலில் ஒரு பங்கு 32.5. எங்கள் திட்டத்தில், 50இல் தட்டைத் தாழ்த்திய 20உம் தட்டுக்கு மேல் கழுத்து நீட்டும் 10உம் போக மிஞ்சியது 20. பெரிய எஞ்சினை வைத்துவிட்டு அதன் மூக்கைப் பொத்தியிருப்போம்! கடைசியில் 75 மி.மீ. ஃபில்டரையே வைத்துக்கொண்டு, அடித்தட்டை 30 மி.மீ. தாழ்த்தினோம். இடைவெளி 35. தாழ்ந்த தட்டு திராட்டில் (ஆக்சிலேட்டர்) இணைப்பில் உரசியதால் அந்த மூலையைத் தட்டி வளைக்க வேண்டியிருந்தது. சிறகு நட்டுக்குப் பதில் குட்டையான நட்டும் மூடியில் ஒரு குழியும் அவர் கைவேலை. அதில் 7 மி.மீ.

கார்ப்ரேட்டருக்கு அடியிலுள்ள 12 மி.மீ. வெப்பத்தடுப்புக் கட்டையை எடுத்துவிடச் சொன்னவர்களுக்கும் நன்றி, ஆனால் கேட்கவில்லை. அதை எடுத்தால் எஞ்சின் சூடு நேரே கார்ப்ரேட்டருக்கு ஏறும். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கொதித்து இழுத்தடிக்கும். பானெட் கீலின் கீழே வாஷர் போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கும் யோசனையும் அப்படித்தான். 6 மி.மீ. வாஷருக்குக் கார்ப்ரேட்டர் இருக்கும் இடத்தில் கிடைப்பது சுமார் 4. அதோடு ஓடும் வண்டியில் முன்கண்ணாடி அடிவாரத்தில் காற்றழுத்தம் கூடுதல், எஞ்சின் சூடு அந்த வழியே எளிதில் வெளியேறாது. எம்ஜிபியின் கேபினுக்குக் காற்று எடுக்கும் வலையும் அங்கேயே இருப்பதால் எஞ்சின் வாடை உள்ளே வரலாம்.

மவுண்ட் பிராக்கெட்டுகளை 10 மி.மீ. தாழ்த்திப் புதிதாகச் செய்த வெல்டர் அண்ணனுக்கு அடுத்த நன்றி. முன்பக்கத்தை மட்டும் இறக்கினால் போதாது என்று கியர்பாக்ஸ் மவுண்ட்டையும் அதே 10 இறக்கியவர் அவர். முன் மவுண்ட்டுக்கும் பின் மவுண்ட்டுக்கும் நடுவில் 950 மி.மீ. என்று கொண்டால், முன்னால் மட்டும் இறக்கும்போது எஞ்சின் 0.6 டிகிரி மூக்குக் குப்புறச் சாயும். கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் தரை நடுங்கும். ரப்பர் பம்பர் வந்த பிறகான வண்டிகள் உயரமாக நிற்பதால் சம்ப் (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) தரையில் இடிக்கும் பயம் குறைவு. ஆனால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டீயரிங் ஷாஃப்ட்டை நெருங்கியது. விரல் நுழையும் இடம் இருக்கிறதா என்று பார்த்தே போல்ட்டை இறுக்கினோம்.

இதோடு மிஞ்சியது சட்டம். மேலே 58 மி.மீ. கொடுக்கும் தகடு, சட்டம் ஓடும் இடத்தில் 40தானே கொடுக்கிறது. டிங்கர் மாமா அந்தச் சட்டத்தை ஃபில்டர் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்து, 1.2 மி.மீ. தகட்டில் தட்டையான மூடி செய்து சட்டத்தோடு மட்டும் வெல்டு வைத்தார். மேல்தகட்டில் நெருப்பே படவில்லை. பட்டிருந்தால் வெளியே பள்ளம் தெரிந்திருக்கும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவிலிருந்த பழைய பசையை முதலில் சுரண்டி எடுத்தார், அது தீப்பிடிக்கும். மூடி போடாமல் வெறுமனே வெட்டிவிட்டால் தகடு வேகத்தில் படபடக்கும், நாளடைவில் வெட்டு முனையிலிருந்து விரிசல் ஓடும். மூடியும் பசையும் 3 மி.மீ. தின்றது போக, இங்கே கிடைத்தது 15.

30, 7, 10, 15. மொத்தம் 62. கழுத்துக்கு மேல் இடம் 40இலிருந்து 65 மி.மீ. ஆனது, ஃபில்டர் நிற்கும் உயரம் 80இலிருந்து 43 ஆனது, மிச்சம் 22.

எம்ஜிபியின் ஆறு சிலிண்டர் உறவான எம்ஜிசி காரின் பானெட்டை இரவல் தந்து போட்டுப் பார்க்கச் சொன்னவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 2912 சி.சி. ஆறு சிலிண்டருக்காக 1967இல் மேடு வைத்துச் செய்த அலுமினிய பானெட் அது. எம்ஜிபியில் அப்படியே பொருந்தும். மேடு நம் கார்ப்ரேட்டருக்கு நேர் மேலே நிற்கிறதா என்று களிமண் வைத்துப் பார்க்காமல் யாரும் காசு கொடுத்துவிட வேண்டாம். ஆலைக்கு முன்பே எம்ஜிபியில் வி-8 வைத்து விற்ற கென் காஸ்டெல்லோ, ரோவர் கார்ப்ரேட்டர்களை மேலேயே விட்டு பானெட்டில் புடைப்பு வைத்தார். அபிங்டன்காரர்கள் இரண்டு எஸ்யூ வகைக் கார்ப்ரேட்டர்களை எஞ்சினின் பின்புறம் தள்ளி, பானெட்டைத் தொடவே இல்லை. எங்கள் ஓட்டு அபிங்டனுக்கு.

சோதனை ஓட்டத்துக்கு உதட்டுச்சாயம் கொடுத்த அக்காவையும் சொல்ல வேண்டும். ஃபில்டர் நட்டின் தலையிலும் மூடியின் இட விளிம்பிலும் தடவி, மேடுபள்ளச் சாலையில் முழு மிதி மிதித்துத் திரும்பி வந்து பானெட்டின் அடியில் பார்த்தோம். சிவப்பு ஒட்டவில்லை. புது ரப்பர் இன்னும் சில மி.மீ. உட்காரும் என்பதால் ஆயிரம் மைல் கழித்துக் களிமண் மறுபடி வரும்.

எஞ்சின் தூக்கும் கிரேனையும் எம்ஜிசி பானெட்டையும் சனிக்கிழமை கொண்டுவந்து சேர்க்கிறோம். உதட்டுச்சாயம் மட்டும் திருப்பித் தரும் நிலையில் இல்லை. புதிதாக வாங்கித் தருகிறோம், நிறத்தை மட்டும் அக்கா சொல்லிவிடட்டும்.

நன்றியுடன்,
வண்டிக்காரர்கள்