மோட்டாரின் தண்டில் எத்தனை வாட் கிடைக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொட்டை மாடியிலும் பட்டறை மூலையிலும் நிரந்தரக் காந்த டி.சி. மோட்டார்களைத் தாமே வடிவமைத்துச் செய்து பார்க்கும் ஆர்வலர்களைப் பற்றிய செய்திகள் தமிழ் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அவற்றில் மோட்டாரின் படம் இருக்கிறது, செய்தவரின் ஊரும் வயதும் இருக்கின்றன, ‘மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்’ என்ற வரியும் தவறாமல் இருக்கிறது. மோட்டாருக்குள் எத்தனை வாட் போகிறது, அதன் சுழலும் தண்டில் எத்தனை வாட் வெளியே வருகிறது என்ற இரண்டு எண்கள் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த இரண்டு எண்கள் இல்லாமல் நல்ல மோட்டாரையும் வெறும் பேச்சையும் வாசகர் பிரித்தறிய வழியில்லை என்பதாலேயே, மின்னியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த ஆர்வலர்கள் வீண் வேலை செய்கிறார்கள் என்று நான் கருதவில்லை. காந்தப் புலத்தை உண்டாக்கத் தனிச் சுருளும் அதற்கெனத் தனி மின்சாரமும் தேவைப்படும் மோட்டாரை விட, அந்தப் புலத்தை நிரந்தரக் காந்தமே தரும் மோட்டாரில் ஓர் இழப்பு தொடக்கத்திலேயே நீங்கிவிடுகிறது. மீதமிருக்கும் இழப்புகளை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் இவர்களின் உண்மையான களம். செம்புக் கம்பியில் மின்னோட்டத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பப் பெருகும் வெப்பம் ஒன்று. இரும்புத் தகடுகளில் புலம் திசை மாறும்போதெல்லாம் உண்டாகும் இழப்பு மற்றொன்று. பேரிங்கின் உராய்வும் காற்றின் தடையும் சிறியவை. சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்த உரசி நிற்கும் கார்பன் துண்டுகளே பிரஷ்கள்; அவற்றை வைத்த மோட்டாரில் இரண்டு பிரஷ்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2 வோல்ட் போய்விடும். 12 வோல்ட் மோட்டாரில் அது ஆறில் ஒரு பங்கு, 48 வோல்ட் மோட்டாரில் நான்கு சதவீதம்தான். பழைய 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு 90 சதவீதப் பயனுறுதிறனை (உள்ளே போகும் திறனில் தண்டில் வெளியே வரும் பங்கை) தேடும் நண்பர்கள் காந்தத்தை மாற்றுவதற்கு முன் மின்னழுத்தத்தை உயர்த்திப் பார்க்கலாம்.

காந்தத்திலும் ஒரு கண்ணி உண்டு. நியோடைமியம் காந்தம் சாதாரண ஃபெரைட் காந்தத்தை விடப் பன்மடங்கு வலியது என்பதால் எல்லோரும் அதையே வாங்குகிறார்கள். ஆனால் அதன் சாதாரண வகைகள் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் தங்கள் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். காந்தம் தளர்ந்தால் அதே திருப்புவிசைக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும், கூடுதல் மின்னோட்டம் கூடுதல் வெப்பத்தைத் தரும், அந்த வெப்பம் காந்தத்தை மேலும் தளர்த்தும். முதல் பத்து நிமிடங்களில் பிரமாதமாக ஓடிய மோட்டார் ஒரு மணி நேரத்தில் சோர்ந்து போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முறையான பொறியியல் படிப்பு இல்லாதவர்களால் இத்துறையில் எதுவும் ஆகாது என்று சொல்பவர்களுக்கு, செட்ரிக் லிஞ்ச் என்ற ஆங்கிலேயரை நினைவூட்டலாம். தானாகவே கற்ற அவர், தட்டையான ஆர்மேச்சரின் (மின்சாரம் பாயும் சுழலும் பகுதியின்) இருபுறமும் காந்தங்களை வைத்த ஒரு மோட்டாரை உருவாக்கினார். அதன் தொடக்க கால வடிவத்துக்குச் சூப் டின்களைத் தட்டி நிமிர்த்திய தகடுகளையே பயன்படுத்தினார் என்பது இத்துறையினர் பலரும் அறிந்த செய்தி. பிரஷ் வைத்த மோட்டாராக இருந்தும் ஏறத்தாழ 90 சதவீதப் பயனுறுதிறனை எட்டிய அந்த வடிவம் பின்னர் படகுகளிலும் இருசக்கர வாகனங்களிலும் இடம்பெற்றது. அதே வழியில் வந்த மோட்டார்களைக் குஜராத்தில் தயாரித்த அக்னி நிறுவனத்தின் அணி, 2009 ஜூனில் ‘ஐல் ஆஃப் மேன்’ தீவில் மின்சார மோட்டார் சைக்கிள்களுக்கென முதன்முதலாக நடந்த பந்தயத்தில், 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையை மணிக்குச் சராசரியாக 140 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து வென்றது. தகர டப்பாவில் தொடங்கிய ஒருவரின் வேலை அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் எண்கள் பொய்யில்லாமல் இருந்ததுதான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் ஜேம்ஸ் ஜூல் என்பவரைச் சொல்ல வேண்டும். இன்று ஆற்றலின் அலகாக நாம் சொல்லும் பெயருக்கு உரியவர், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பியர் ஆலை வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை. பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவருக்கு இருந்ததில்லை. 1838-இல், இருபது வயது நிரம்பும் முன்பே, மின்மோட்டாரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நீராவி இயந்திரத்தின் இடத்தை மின்மோட்டார் பிடித்துவிடும், அதுவும் மிக மலிவாகப் பிடித்துவிடும் என்பதே அன்று அவருடைய எதிர்பார்ப்பு. ஆனால் அவர் நம்பிக்கையோடு நின்றுவிடாமல் அளந்தார். மின்னோட்டம் கம்பியில் உண்டாக்கும் வெப்பம் அதன் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதைக் கண்டார். பேட்டரியில் கரையும் ஒரு பவுண்டு துத்தநாகம் தரும் வேலை, சிறந்த நீராவி இயந்திரத்தில் எரியும் ஒரு பவுண்டு நிலக்கரி தரும் வேலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவே என்று 1841-இல் கணக்கிட்டுச் சொன்னார். தன் கனவைத் தானே கலைத்த அந்த அளவீடுகளிலிருந்துதான் வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள உறவை அவர் கண்டார்; ஆற்றல் அழிவின்மை விதி உறுதிப்பட்டதில் அந்த அளவீடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நிரந்தரக் காந்தத்தால் அந்த விதியை உடைக்கலாம் என்று இன்று சொல்பவர்கள், அந்த விதியை நிலைநாட்டியவர்களில் ஒருவர் மோட்டாரோடு மல்லுக்கட்டிய ஒரு பொழுதுபோக்கு ஆய்வாளர்தான் என்பதை அறிந்தால் நன்று.

‘உள்ளே போவதை விட அதிகம் வெளியே வருகிறது’ என்று சொல்பவர்களில் ஏமாற்றுக்காரர்கள் சிலர்தான். பலர் அளவிடும் முறையால் ஏமாறியவர்கள். மூன்று தவறுகளை மீண்டும் மீண்டும் காண்கிறேன். சுமையில்லாமல் ஓடும்போது மோட்டார் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்கிறது என்று காட்டுவது முதலாவது. சுமையில்லாத மோட்டார் வேலை எதுவும் செய்வதில்லை. ஆகவே அந்த நிலையில் உலகின் எந்த மோட்டாரின் பயனுறுதிறனும் பூஜ்யம்தான். இரண்டாவது, சுருளுக்குத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் கொடுக்கும் மோட்டார்களில் வருகிறது. நேரத்தில் கால் பங்கு மட்டும் 12 வோல்ட்டும் 4 ஆம்பியரும் பாய்ந்து மீதி நேரம் நின்றுவிடும் சுருளில் சாதாரண மல்டிமீட்டரை வைத்தால், அது சராசரியாக 3 வோல்ட் என்றும் 1 ஆம்பியர் என்றும் காட்டும். பெருக்கினால் 3 வாட். உண்மையில் அங்கே செலவாவது 12 வாட். இந்த ஒரு பெருக்கலிலேயே நான்கு மடங்கு ‘இலவச ஆற்றல்’ கிடைத்துவிடுகிறது. மூன்றாவது, மோட்டாரிலிருந்து திரும்பும் மின்துடிப்புகளால் இன்னொரு பேட்டரி நிரம்பிவிட்டதாக அதன் வோல்ட்டை மட்டும் பார்த்துச் சொல்வது. சார்ஜ் ஏற்றி முடித்தவுடன் எந்த ஈய-அமில பேட்டரியும் வோல்ட்டைக் கூட்டித்தான் காட்டும். ஒரு பல்பை மாட்டி எத்தனை மணி நேரம் எரிகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

காப்புரிமையைச் சான்றாகக் காட்டுவதும் உண்டு. காந்தங்களின் விசையால் மட்டுமே இயங்கும் மோட்டாருக்கென்று ஹோவர்ட் ஜான்சன் என்பவருக்கு 1979-இல் அமெரிக்கக் காப்புரிமையே கிடைத்தது. இத்தனை ஆண்டுகளாகியும் அதைக் கொண்டு ஒரு தண்ணீர் பம்பு கூட ஓடவில்லை. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், நிலைநாட்டப்பட்ட இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானவற்றை அதன் மூன்றாம் பிரிவின் தொடக்கத்திலேயே விலக்கி வைத்திருக்கிறது.

வெளிவரும் திறனை அளப்பது பெரிய வித்தையும் அல்ல. பாலிடெக்னிக்கின் மின்னியல் ஆய்வகத்தில் மாணவர்கள் செய்யும் பிரேக் டெஸ்ட் போதும்: தண்டில் ஒரு கப்பி, அதைச் சுற்றிய கயிறு அல்லது பட்டை, இரு முனைகளிலும் ஸ்பிரிங் தராசுகள், வேகத்தை அளக்க ஒரு டாக்கோமீட்டர். கப்பியின் ஆரம் 5 செ.மீ., தராசுகளின் வித்தியாசம் 1.5 கிலோ, வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் தண்டில் கிடைப்பது ஏறத்தாழ 231 வாட். அப்போது மோட்டார் 24 வோல்ட்டில் 12 ஆம்பியர் எடுத்தால் உள்ளே போவது 288 வாட். பயனுறுதிறன் 80 சதவீதம். தராசு வெறும் 100 கிராம் கூட்டிக் காட்டினால் அதே மோட்டாருக்கு 85 சதவீதத்துக்கு மேலேயே வந்துவிடும் என்பதால், தராசையும் முதலில் தெரிந்த எடையால் சரிபார்க்க வேண்டும். கயிறு புகையும் அளவுக்குச் சுமையை ஏற்றிவிட்டுத் தராசைப் படிக்க மறப்பதும் ஆய்வகங்களில் சாதாரணமாக நடப்பதுதான்.

ஆய்வகம் எட்டாத ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரே மாதிரியான இரண்டு மோட்டார்களைச் செய்து, தண்டோடு தண்டு இணைத்து, ஒன்றை மோட்டாராகவும் மற்றொன்றை ஜெனரேட்டராகவும் ஓட்டலாம். முதலாவதற்குள் 200 வாட் போய், இரண்டாவதிலிருந்து 130 வாட் வந்தால், மொத்தம் 65 சதவீதம். இரண்டும் ஏறத்தாழ சமமாக இழக்கின்றன என்று கொண்டு வர்க்கமூலம் எடுத்தால் ஒவ்வொன்றும் 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். இதற்கு வோல்ட் மீட்டரும் ஆம்ப் மீட்டரும் தவிர வேறு அளவுக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

80-இலிருந்து 85-க்குப் போவதெல்லாம் ஒரு சாதனையா என்று கேட்பவர்கள் இழப்பின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். 88 சதவீத மோட்டாரை 92 ஆக்கினால் வீணாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே பேட்டரியும் அதே காந்தமும் கூடுதல் காலம் உழைக்கும். 75 வாட் இழுத்த கூரை மின்விசிறி இன்று 30 வாட் அளவில் அதே காற்றைத் தருவதற்கு நிரந்தரக் காந்த மோட்டாரே காரணம், அதில் எந்த இயற்கை விதியும் மீறப்படவில்லை. மேலும், சீனா 2025 ஏப்ரலில் நியோடைமியம் வகை அடங்கிய அருமண் காந்தங்கள் சிலவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, நியோடைமியம் இல்லாமல் ஃபெரைட்டைக் கொண்டே நல்ல மோட்டார் செய்ய முடியுமா என்ற கேள்வி பெரிய நிறுவனங்களுக்கும் வந்துவிட்டது. ஃபெரைட் மலிவானது, வெப்பத்தைத் தாங்குவது. அதில் வடிவத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்க்க ஆர்வலர்களுக்கு இருக்கும் பொறுமை நிறுவனங்களுக்கு இருப்பதில்லை.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. மின்னியல் பிரிவுள்ள அரசு பாலிடெக்னிக்குகள், மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது, வெளியாட்கள் கொண்டு வரும் மோட்டார்களுக்கு பிரேக் டெஸ்ட் செய்து, அளவுகளை எழுதிய தாளைக் கையொப்பமிட்டுத் தரலாம். பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர்பெற்ற கோவையிலேயே இதைத் தொடங்கலாம். இப்படிப்பட்ட கண்டுபிடிப்பைப் பற்றி எழுத வரும் தங்கள் செய்தியாளர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, எந்தச் சுமையில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓட்டி எடுத்த அளவு என்பதையும் சேர்த்து வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வகப் பயிற்றுநர்,
பீளமேடு, கோயம்புத்தூர்.