என் தலைக்கு அளவெடுத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

கும்பகோணத்தில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள் நான். 18 வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு அளவெடுத்த எனக்கு, ஒருநாள் ஒரு பெண் இன்ச் டேப்போடு வந்து மூக்குத் தண்டுக்கு மேலிருந்து பின்மண்டை மேடுவரை, இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, அப்புறம் தலையைச் சுற்றி ஒரு ரவுண்டு என்று அளவெடுத்து நோட்டில் குறித்துக்கொள்வாள் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அதாவது, அப்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தால்.

வைகாசியில் ஆரம்பித்து ஆறு வாரம் கடை பூட்டிக் கிடந்ததே, எங்கே போனாய் என்று இன்னும் கேட்கிறார்கள். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று ஒரு கதை, கடன்காரனுக்குப் பயந்து ஓடிவிட்டேன் என்று இன்னொரு கதை. எனக்கு இருந்தது டிப்ரஷன், தமிழில் மனச்சோர்வு என்கிறார்கள். செய்துகொண்டது டி.எம்.எஸ். என்கிற காந்த சிகிச்சை. இதற்காக ஓடியவர்களுக்குப் போனில் ஒவ்வொருவராக நன்றி சொல்ல ஆரம்பித்தேன், இரண்டாவது ஆளோடு தொண்டை அடைத்து நின்றுவிட்டது. அதனால் இங்கேயே எல்லாருக்குமாக எழுதிவிடுகிறேன். பேர் எதுவும் போடவில்லை, படித்தால் அவரவருக்குத் தெரியும்.

தம்பி, முதலில் நீ. இரண்டரை வருஷம், மூன்று மாத்திரை மாற்றியாயிற்று. ஒவ்வொன்றையும் டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நாள்வரை சாப்பிட்டும் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே மலை ஏறுகிற மாதிரி இருந்தது. வெட்டுப் பலகை மேல் துணிகள் குவிந்துகொண்டே போக, நான் அதன் முன்னால் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். சோம்பேறித்தனம் என்று சொந்தக்காரர்கள் சொன்னதை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். முதலில் காட்டிய இடத்தில் (பேர் வேண்டாம்) நான் வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்போதுதான் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீ 14416க்கு அடித்தாய். மனக் கஷ்டத்துக்குப் பேச அரசாங்கம் வைத்திருக்கும் டெலி மானஸ் எண் அது, தமிழிலேயே பேசினார்கள். அந்தப் பக்கம் பேசிய அம்மா யாரென்று தெரியாது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதையெல்லாம் கேட்டார். அந்த அம்மாவுக்கும் நன்றி, அவர் கண்ணில் இது படாவிட்டாலும் பரவாயில்லை.

டாக்டரம்மா, உங்களுக்கு நான் நன்றி சொல்வது நிச்சயம் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லாததற்காக. இது விசித்திரமாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. அதற்கு முன்னால் எல்லாரும் சொன்னார்கள், இந்த மாத்திரையில் சரியாகிவிடும், குலதெய்வத்துக்கு முடி இறக்கினால் சரியாகிவிடும், ஒரு மாதம் வெளியூர் போய் வந்தால் சரியாகிவிடும் என்று. ஒவ்வொரு தடவையும் சரியாகாதபோது தப்பு என் மேல்தான் என்று ஆகிவிடும். நீங்கள் மட்டும்தான் கணக்கை எடுத்து முன்னால் வைத்தீர்கள். அமெரிக்காவில் 2006இல் வந்த பெரிய ஆய்வில்கூட முதல் மருந்திலேயே குணமானவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், இரண்டு மருந்து கேட்காதவர்களுக்கு மூன்றாவது கேட்கிற வாய்ப்பு இன்னும் குறைவு, இது உங்கள் குற்றமில்லை என்றீர்கள். டி.எம்.எஸ். பற்றியும் அப்படித்தான். 2010இல் வந்த ஒரு ஆய்வில் நிஜக் காந்தம் வைத்தவர்களில் 14 சதவீதமும் பொய்க் காயில் (காயில் என்றால் காந்தம் உண்டாக்குகிற கம்பிச் சுருள், பொய்யானதில் காந்தம் மூளைக்குப் போகாது) வைத்தவர்களில் 5 சதவீதமும் முழுசாகத் தேறினார்கள், பிறகு சாதாரணமாக மருத்துவமனைக்கு வருகிறவர்களைப் பார்த்த ஆய்வில் பாதிப் பேருக்கு மேல் நல்ல மாற்றம் தெரிந்தது, ஆனால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் பொய்க் காயில் கிடையாது, இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்றீர்கள். துணிக்கடையில் சாயம் போகும் என்று முன்கூட்டியே சொல்லி விற்கிறவரை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

சொந்தத்தில் பாதிப் பேர் ஷாக் வைக்கப்போகிறார்கள் என்று பயமுறுத்தினார்கள். இது அதில்லை. மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பதும் கிடையாது, நாற்காலியில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம், முடிந்ததும் எழுந்து ரயிலேறி வீட்டுக்குப் போகலாம். "வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். அடுப்புக்குள் இருக்கிற காயில் பாத்திரத்துக்குள் மின்சாரத்தை உண்டாக்குகிறதே, ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே சமாச்சாரம்தான், இங்கே எட்டு வடிவத்தில் ஒரு காயிலைத் தலையோடு ஒட்டிவைத்துக் கண்சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவாக மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சினால் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டிப்போய் உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் நரம்புகளைத் தட்டி எழுப்பும் என்றார். இப்படி மூளையைத் தட்டலாம் என்று 1985இல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் பார்க்கர் என்பவர் குழுவாகச் செய்து காட்டியிருக்கிறார், மனச்சோர்வுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்காவில் 2008இல் அனுமதி கிடைத்திருக்கிறது. நான் கேட்டது ஒன்றுதான்: அடுப்பு என்றால் தலை வெந்துவிடாதா? டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். வேகாது.

வலிப்பு வருமா என்றும் கேட்டேன். 1,000 பேரில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் ஏற்கெனவே வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் கிளிப், காது கேட்கும் கருவி என்று உலோகம் ஏதாவது வைத்திருக்கிறதா என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

உலோகம் என்றதும்தான் மூக்குத்தி விவகாரம். கழுத்துக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். தோடு கழன்றுவிட்டது, 22 வருஷமாகக் கழற்றாத மூக்குத்தித் திருகு அசையவே இல்லை. சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்து தங்கியிருந்த குரோம்பேட்டைச் சித்தி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து சித்தி தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார், சோப்பு நுரை விட்டுப் பார்த்தார், கடைசியில் தெருமுனை ஆசாரியிடம் கூட்டிப்போனார். அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு சின்னக் குறடால் திருகைத் தொட்டு, என் மூக்கு சிவந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்து, கழற்றிய மூக்குத்தியைப் பிங்க் தாளில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஆசாரி ஐயா, மூக்குத்தியை மறுபடி போட்டுக்கொண்டுவிட்டேன், உங்களிடம் காட்ட அடுத்த தடவை வருகிறேன்.

தங்கச்சி, காயில் வைத்துவிட்ட தங்கச்சி, உனக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் நாள் நீ டேப் பிடித்ததைப் பார்த்ததுமே, பிள்ளை டேப்பைத் தளர்த்திப் பிடிக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்தது அன்றைக்குத்தான், அப்போது வெளியே சொல்லவில்லை. அப்புறம் அளவு குறித்த குல்லாயை மாட்டிவிட்டு, காயிலை நகர்த்தி நகர்த்தி ஒரு இடத்தில் தட்டினாய், என் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் ஆட்டவில்லை. ஊசி பிடித்துக் காய்ப்புக் காய்த்த விரல், வருஷக்கணக்கில் நான் சொன்னதை மட்டுமே கேட்ட விரல், யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தது. பயந்துபோய் இடது கையால் பொத்திக்கொண்டேன். "அக்கா, இதை வெச்சுத்தான் உங்களுக்கு எவ்வளவு கொடுக்கணும்னு பார்ப்போம், பத்துத் தடவை தட்டினா அஞ்சு தடவை விரல் ஆடணும்" என்றாய். அந்த அளவுக்கு மேல் கொஞ்சம் கூட்டி, நூற்றுக்கு நூற்றிருபது என்று, இடது நெற்றிக்கு மேல் அளவெடுத்துக் குறித்த இடத்தில் காயிலை வைத்தாய். காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தாய்.

சத்தம் எப்படி இருந்தது என்று கேட்கிறவர்களுக்கு: பவர் மெஷினை மிதித்து நாலு விநாடி தையல் போட்டுவிட்டு 26 விநாடி காலை எடுத்துவிடுங்கள், அதுதான். விநாடிக்குப் பத்து தட்டு, ஒரு தடவைக்கு நாற்பது, அப்படி 75 தடவை, மொத்தம் 3,000. முப்பத்தேழரை நிமிஷம். வலி என்று சொல்ல முடியாது, ஆனால் இடது புருவம் துடிக்கும், பல்வரிசை கிடுகிடுக்கும், முதல் வாரம் மத்தியானத்தில் தலைவலி வந்து பாரசிட்டமால் போட்டுக்கொண்டேன். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 30 நாள். முதல் நாலு நாளும் தங்கச்சி ஒவ்வொரு இடைவெளியிலும் "சரியா அக்கா?" என்று கேட்டாள். அஞ்சாவது நாள், அவள் டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை, எப்படி என்று காட்டச்சொன்னாள். காட்டினேன்.

சித்தி, உங்களுக்கு எழுதுவதுதான் கஷ்டம். இந்த வைத்தியத்தில் பெரிய வேலை காந்தத்துடையது இல்லை, ஒவ்வொரு நாளும் போய்ச்சேர்வதுதான். எழுந்திருக்கவே முடியாத வியாதிக்கு, முப்பது நாள் எழுந்து குளித்து ரயில் பிடித்து வரவேண்டும் என்று ஒரு மருந்து, யோசித்துப் பார்த்தால் கொடுமையான வேடிக்கை. முழங்கால் வலியோடு நீங்கள் தினமும் எட்டரைக்குக் கூடவே வந்தீர்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை, இதுவும் போச்சு என்று ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், நீங்கள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, "சரி, அடுத்த வண்டியில போலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். மூன்று வண்டி போனது. நாலாவதில் ஏறினோம். நாலாவது வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் வத்தக்குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னேனாம், எனக்கு ஞாபகமே இல்லை. நீங்கள் பின்கட்டுக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டு "குறை சொல்லிட்டாடா! உப்பு கம்மின்னு சொல்லிட்டா!" என்று கத்தினதுதான் என் காதில் விழுந்தது. தேறுவது நமக்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்தது அதற்கு மறுநாள், ரயிலில் எதிரே நின்ற பெண்ணின் பிளவுஸில் இடது கை ஏற்றம் முன்பின் மாறித் தைத்திருந்ததைப் பார்த்து, பிரித்துத் தைத்துக்கொடுக்க விரல் பரபரத்தபோது.

சிகிச்சைக்குக் காத்திருக்கிற பெஞ்சில் கூட உட்கார்ந்திருந்த தாம்பரம் சார், உங்களுக்கும். உங்களுக்கு மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும் முறை, எனக்கு முக்கால் மணி நேரம், நான் பொறாமையில் கேட்டபோது நீங்கள்தான் விளக்கினீர்கள், கனடாவில் 400 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து அதுவும் இதற்குக் குறைந்ததில்லை என்று 2018இல் வந்திருக்கிறது என்று. உங்களுக்கு முப்பதும் முடிந்து ஒன்றும் மாறவில்லை. கடைசி நாளும் எனக்கு வாழைப்பழம் வாங்கிவந்தீர்கள். மயக்கம் கொடுத்துச் செய்கிற மின்சிகிச்சைக்கு அடுத்து யோசிக்கிறோம் என்று சொன்னீர்கள். எனக்குக் கேட்டது உங்களுக்குக் கேட்கவில்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போன் பண்ணுங்கள், சார்.

பணம். குலுக்கலில் தன் பேர் வந்தும் சீட்டுப் பணத்தை எனக்குத் தள்ளிவிட்ட பூக்கடை அக்கா, அந்த 60,000 இல்லாவிட்டால் நான் சென்னைக்கே போயிருக்க மாட்டேன். இன்ஷூரன்ஸில் கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் படுக்காததால் தர முடியாது என்று ஒரு வரியில் கடிதம் வந்தது. உடம்பு வியாதிக்கு எப்படியோ அப்படியே மன வியாதிக்கும் காப்பீடு வேண்டும் என்று 2017 மனநலச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, தம்பி அந்தப் பிரிவைக் காட்டி இரண்டு கடிதம் போட்டுவிட்டான், பதில் வரவில்லை. அது தனிக் கதை, இதில் கலக்க வேண்டாம்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்பீர்கள். ஒன்பது கேள்வி கேட்டு மார்க் போடுகிற தாளில் போகும்போது 21, வரும்போது 8. பாதிக்கு மேல் குறைந்தால் நல்ல பலன், 5க்குக் கீழே போனால்தான் முழுசாகத் தேறியது என்று கணக்காம். அதனால் நான் இன்னும் அங்கே போய்ச்சேரவில்லை, மாத்திரையும் நிறுத்தவில்லை, திரும்ப வந்தால் மறுபடி நாற்காலியில் உட்காரவேண்டியிருக்கலாம். சில காலை இன்னும் கனமாகத்தான் விடிகிறது. ஆனால் விடிந்து அரை மணியில் எழுந்துவிடுகிறேன்.

கடைசியாக, துணி கொடுத்துவிட்டுத் திட்டாமல் காத்திருந்தவர்களுக்கு. ஒருத்தர்கூட துணியைத் திரும்பக் கேட்கவில்லை, கல்யாணப் பிளவுஸ் கொடுத்தவர் மட்டும் வேறு இடத்தில் தைத்துக்கொண்டார், அது நியாயம். குவியலில் 31 இருந்தன, 29 கொடுத்தாயிற்று. மீதி இரண்டு: மயில் கழுத்துப் பச்சையில் ஜரிகை பார்டர் ஒன்று, சந்தனக் கலரில் புட்டா போட்டது ஒன்று. சீட்டு தொலைந்துவிட்டதால் யாருடையது என்று தெரியவில்லை. ஞாயிறு தவிர எந்த நாளும் பத்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், கூலி வேண்டாம். பச்சைக்கு உள்துணி மாற்றியிருக்கிறேன், பழையது செல்லரித்திருந்தது.