மர டீயா, பிளாஸ்டிக் டீயா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது குடிக்கிற டீயைப் பற்றிய மடல் இல்லை. நுவரெலியாவில் கடை வைத்துக்கொண்டு "நல்ல டீ கிடைக்கும்" என்று பலகை எழுதினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு தடவை மட்டக்களப்பிலிருந்து சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று உள்ளே வந்து பி.ஓ.பி. தேயிலை அரைக் கிலோ கேட்டது. பக்கத்துக் கடையைக் காட்டி அனுப்பி வைத்தேன். பலகையையும் அன்றைக்கே கழற்றிவிட்டேன். நான் எழுத வந்தது கோல்ப் பந்தை மேலே நிறுத்தி அடிக்கிற, ஆணி மாதிரியான அந்தச் சின்னக் குச்சியைப் பற்றி.

ஏப்ரல் சீசன் வந்தால் கடையில் அதிகம் கேட்கும் வார்த்தை, "உடையாத டீயாகப் பார்த்துக் கொடுங்கள்." கொழும்பிலிருந்து வரும் டொக்டர்மாரும் அதையே கேட்கிறார்கள், தோட்டத்துத் துரைமாரும் அதையே கேட்கிறார்கள். கல்லாவில் நாலு பேர் நிற்கும்போது இதற்கு முழுப் பதில் சொல்ல முடிவதில்லை. பிளாஸ்டிக் பெக்கட் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறேன். அது எனக்கே சரியாகப் படவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன்பு விலை மலிவாக இருக்கிறதே என்று பிளாஸ்டிக் டீ ஒரு பெரிய பெட்டி நிறைய எடுத்தேன். பெக்கட்டில் "நீடித்து உழைக்கும்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பார்க்க அழகாக இருந்ததால் முன் கண்ணாடியில் வரிசையாக அடுக்கினேன். மாசியும் பங்குனியும் வெயில் அடித்தது. இந்த உயரத்து வெயில் உடம்புக்குச் சுடாது, ஆனால் தோலைக் கறுக்க வைக்கும். பிளாஸ்டிக்கையும் அது விடவில்லை. சிவப்பு வெளிறி ரோஸ் நிறமானது. சீசனில் வாங்கிப் போனவர்கள் இரண்டே அடியில் டீயின் தலை தெறித்துப் போனதாகச் சொல்லித் திரும்பக் கொண்டு வந்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சப் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தேன்.

வெயில் மட்டும் காரணமில்லை என்று பிறகுதான் விளங்கியது. மலிவான பிளாஸ்டிக் டீ பெரும்பாலும் பொலிபுரொப்பிலீனில் செய்வது. அது நல்ல பொருள்தான், வளையும், நிமிரும். ஆனால் குளிர் சுழிய பாகையை நெருங்கும்போது அதன் வளையும் குணம் போய்விடும், தட்டினால் நொறுங்கும். தை மாதத்து விடிகாலையில் இங்கே புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தேயிலைக் கொழுந்தே கருகிப் போகிற பனி அது. அந்த நேரத்தில் முதல் ஆளாகப் போய் அடிப்பவரின் பிளாஸ்டிக் டீ, மர டீயை விட வேகமாக உடைந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெக்கட்டில் எழுதியவர் நம் ஊர்ப் பனியை நினைத்து எழுதவில்லை.

நைலோன் கலந்து செய்யும் டீ வேறு ரகம். தடிப்பாகவும் இருக்கும், குளிருக்கும் ஓரளவு தாங்கும். விலையும் அதற்கேற்ப. எங்கள் கடையில் அப்படி ஒன்று வாங்கும் காசுக்கு நாலு மர டீ வாங்கலாம். "நாலு மடங்கு உழைத்தால் சரிதானே" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். பத்து நைலோன் டீயைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடப் போனேன். மூன்றாவது ஞாயிறு திரும்பி வரும்போது பையில் இருந்தது இரண்டு. ஒன்றுகூட உடையவில்லை, எட்டும் தொலைந்து போயின. பந்து எங்கே போனது என்று பார்ப்பதா, டீ எங்கே பறந்தது என்று பார்ப்பதா? பந்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். பச்சை டீ என்றால் புல்லில் தேடவே வேண்டாம். ஆக, டீயின் ஆயுளைத் தீர்மானிப்பது அது எதனால் செய்தது என்பதை விட, குனிந்து எடுக்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதா என்பதுதான். அந்தப் பழக்கம் இருப்பவர் நைலோன் வாங்கலாம், காசு வீண் போகாது. இல்லாதவர் மரம் வாங்கட்டும்.

இனி மரத்தைப் பற்றி. கடைகளில் கிடைக்கும் மர டீ பெரும்பாலும் பேர்ச் மரம். அது குளிர் நாட்டு மரம், இங்கே வளர்வதில்லை. நம் யூக்கலிப்டஸில் செய்தால் என்ன என்று தெரிந்த தச்சாசாரி ஒருவரிடம் கொடுத்து ஐம்பது கடைந்து வாங்கினேன். அவர் வேலையில் குறையில்லை. மரத்தின் ரேகை குறுக்கே ஓடியதால் பாதிக்கு மேல் முதல் அடியிலேயே முறிந்தன. அதிலிருந்து ஒரு பாடம்: மர டீ வாங்கும்போது, வர்ணம் பூசாததாக இருந்தால், ரேகையைப் பாருங்கள். தலையிலிருந்து நுனி வரை நேராக ஓட வேண்டும். சாய்ந்து ஓடினால் அந்த இடத்தில்தான் முறியும். மூங்கில் டீயில் இந்தத் தொல்லை குறைவு. மூங்கில் புல் வகை, அதன் நார் நீளவாக்கில்தான் ஓடும். உடைந்தாலும் படக்கென்று முறியாமல் நாராகப் பிளந்து நிற்கும். இப்போது நான் ஆடுவது மூங்கிலில்தான்.

மரத்துக்கு இந்த ஊரில் பெரிய எதிரி ஈரம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கோல்ப் பையின் அடியில் மாதக்கணக்கில் கிடக்கும் மர டீ, பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போகும். பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டு கரித்துண்டோடு போட்டு வையுங்கள், போதும். நனைந்த டீயை அடுப்படியில் காய வைக்காதீர்கள். வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விடும்.

நிலத்தையும் சொல்ல வேண்டும். இங்கே வருடத்தின் பெரும்பகுதி மண் நெகிழ்ந்தே இருக்கும். நெகிழ்ந்த மண்ணில் குத்திய டீ, அடி விழுந்ததும் பிடுங்கிக்கொண்டு பறக்கும், முறிவது குறைவு. அங்கே நைலோனின் பலத்துக்கு வேலையே இல்லை. இங்கே ஆடுகிற அதே ஆள் கண்டிக்கு அருகே திகன பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் மைதானத்துக்குப் போனால் கதை வேறு. அங்கே வெயில் அதிகம், வறட்சியான நாட்களில் மண் இறுகிக் கிடக்கும். டீயின் நுனி மண்ணில் சிக்கிக்கொள்ளும், தலை மட்டும் அடிபடும், மரம் நடுவில் முறியும். கண்டிப் பக்கத்து வாடிக்கையாளர்கள் "நீங்கள் கொடுத்த மர டீ சரியில்லை" என்று சொன்னதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு நைலோனைச் சொல்வேன், மனசாட்சியோடு.

இறுகிய மண்ணில் டீயைக் குத்தும் விதமும் முக்கியம். தனி டீயைப் பெருவிரலால் அழுத்தாதீர்கள், விரல்தான் நோகும். பந்தை உள்ளங்கையில் வைத்து, டீயை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, பந்தோடு சேர்த்து அழுத்துங்கள். அப்படியும் இறங்காவிட்டால் உடைந்த டீ ஒன்றால் முதலில் துளை போடுங்கள். ஆட்டக்காரரின் பையைத் தூக்கி வரும் நம் கேடி அண்ணன்மார் எல்லோரும் செய்வது இதைத்தான். அவர்கள் சட்டைப் பையில் முழு டீ இருக்கிறதோ இல்லையோ, உடைந்த டீ நாலு கட்டாயம் இருக்கும்.

"பிளாஸ்டிக் டீயில் பந்து தூரம் போகுமாமே?" என்றும் கேட்கிறார்கள். கிளப்பின், அதாவது பந்தை அடிக்கும் மட்டையின், முகமும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி செக்கன். அதற்குள் டீ பந்தைப் பிடித்து இழுத்து என்ன செய்துவிட முடியும்? இந்த ஊரில் பந்து தூரம் போவதற்குக் காரணம் ஆறாயிரம் அடி உயரத்துக் காற்று. காற்று மெலிவாக இருப்பதால் கொழும்பை விட இங்கே பந்து நீளமாகப் பறக்கிறது. அந்தப் புகழை டீ வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் வித்தியாசம் செய்வது உயரம். டிரைவரால், அதாவது தூரம் அடிக்கிற பெரிய தலைக் கிளப்பால், அடிக்கும்போது பந்தின் பாதி கிளப் தலைக்கு மேலே தெரிய வேண்டும் என்பது பொதுவான அளவு. இன்றைய பெரிய தலை டிரைவருக்கு 70 மில்லிமீற்றர் அல்லது 83 மில்லிமீற்றர் டீ தேவைப்படும். விதிப்படி நாலு அங்குலத்துக்கு மேல் நீளமான டீ வைத்து ஆடக் கூடாது. இங்கேதான் பிளாஸ்டிக்கில் ஒரு ரகத்தை நான் மனம் நிறைந்து சொல்வேன்: இடுப்பில் தட்டு வைத்த டீ. தட்டு நிலத்தில் முட்டியதும் அதற்கு மேல் இறங்காது, ஒவ்வொரு தடவையும் ஒரே உயரம். மலையில் கொழுந்து எடுப்பவர்கள் செடியின் மேல் மட்டக்கம்பு வைத்து எடுப்பார்களே, அதே யோசனை. கண் அளவு தப்பும், கம்பு தப்பாது. புதிதாகப் பழகுபவர் மரமா பிளாஸ்டிக்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இதை வாங்கலாம். ஒரே ஒரு குறை, நெகிழ்ந்த மண்ணில் தட்டு சேற்றை அப்பிக்கொண்டு வரும்.

அப்புறம் இன்னொன்று. நுவரெலியா மைதானம் குறுகலானது, இரண்டு பக்கமும் மரம். பல இடங்களில் டிரைவரை எடுக்காமல் இரும்புக் கிளப்பால் அடிப்பதே புத்தி. அதற்குப் புல்லுக்கு மேல் நூல் அளவு உயர்ந்தால் போதும். நீள டீயாக வாங்கிக் குவிப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. முறிந்த மர டீயின் மேல் பாதி இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆக, மர டீ உடைந்தால் ஒரு நீள டீ போய் ஒரு கட்டை டீ கிடைக்கிறது. பிளாஸ்டிக் டீ பெரும்பாலும் தலை போய்த்தான் உடையும், மிஞ்சுவதில் பந்து நிற்காது.

டிரைவரில் கலர் கோடு விழுவது பற்றியும் சொல்கிறேன். அநேகமாக அது கீறல் இல்லை, டீயின் வர்ணம் ஒட்டியது. அன்றைக்கே ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். வர்ணம் பூசாத மரத்தில் அந்தக் கவலை இல்லை.

காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் பந்து டீயிலிருந்து உருண்டு விழுந்துகொண்டே இருக்கும். அடிப்பதற்கு முன் விழுந்தால் தண்டனை இல்லை, எடுத்து மறுபடி வைக்கலாம். பதறாதீர்கள்.

சட்டம் பற்றியும் இரண்டு பேர் கேட்டார்கள். 2023 ஒக்டோபரில் ஸ்ட்ரோ, பிளாஸ்டிக் கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை எல்லாவற்றையும் தடை செய்தார்கள். கோல்ப் டீ அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் மைதானத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டு மக்கிப் போகாது, புல் வெட்டும் மெஷினின் கத்தியில் சிக்கும். மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போகும். மரத் துண்டும் கத்திக்கு நல்லதில்லைதான். ஆனால் ஒரு மழைக்காலம் போனால் அது மண்ணோடு மண்.

கடைசியாக ஒரு பழைய கதை, எனக்குப் பிடித்ததால் எழுதுகிறேன். நுவரெலியா கோல்ப் கழகம் தொடங்கியது 1889இல். அதே வருடம்தான் ஸ்கொட்லாந்துக்காரர் இருவர், பந்தை நிறுத்த ரப்பர் தட்டு ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் நெடுநாள், டீ என்றால் ஒரு பிடி ஈர மணல்தான். மணலை நனைத்து, பிடித்து, குவித்து, அதன் மேல் பந்தை வைப்பார்கள். 1899இல் பொஸ்டனில் ஜோர்ஜ் கிராண்ட் என்ற கறுப்பினத்துப் பல் வைத்தியர் மரக் குச்சி டீக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கியவர் அதை விற்கப் போகவில்லை, தெரிந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார். 1920களில் வில்லியம் லோவெல் என்பவர் சிவப்புத் தலை வைத்த மர டீயைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். வோல்டர் ஹேகன் போன்ற பெரிய ஆட்டக்காரர் கையில் அதைக் கொடுத்து ஆட வைத்ததும் ஊரெல்லாம் பரவியது. லோவெலும் பல் வைத்தியர்தான். பல்லுக்கும் டீக்கும் என்ன பொருத்தமோ! ஆனால் சும்மா கொடுத்தவரை யாருக்கும் தெரியாமல் போனது எனக்கு இன்னும் உறுத்தும்.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் முதல் மலிவு ரகப் பிளாஸ்டிக் டீயை எடுப்பதை நிறுத்திவிட்டோம். மூங்கில் இரண்டு நீளத்திலும், பேர்ச் வர்ணம் பூசாததும், தட்டு வைத்த பிளாஸ்டிக்கும், நைலோனும் இருக்கும். எதுவும் இனி முன் கண்ணாடியில் இருக்காது, உள்ளே கேட்டு வாங்குங்கள். பத்து, இருபது என்று பெக்கட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு ரகத்திலும் இரண்டு எடுத்துப் போய் ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின் வைத்திருக்கிறேன். மைதானத்தில் பொறுக்கிய உடைந்த டீயை அதில் போடலாம். முறிந்த மர டீ தேவைப்படும் கேடி அண்ணன்மார் காசு கொடுக்காமல் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்,
நுவரெலியா