வாசகர் வட்டம், தருமபுரி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. ஆகஸ்ட் 12 கூட்டத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நினைவாக நூலகர் தினம் கொண்டாடும் நாள் அது. ஒவ்வொரு வருஷமும் படத்துக்கு மாலை போட்டு, ஒருவரைப் பேசவைத்து, சுண்டல் கொடுத்து முடித்துவிடுவோம். இம்முறை நூலக அறிவியல் படிக்கிற, படித்து முடித்த ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, 'இதை ஏன் எடுத்தீர்கள், எடுத்தது சரிதானா?' என்று கேட்டோம்.

ஆசைப்பட்டு வந்தவர் அதில் ஒருவரோ இருவரோதான். பென்னாகரத்துத் தம்பி குரூப் 4 தேர்வுக்காக நூலகமே கதியென்று கிடந்தவர். எதிரே உட்கார்ந்திருந்த நூலகரைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டதாம். இன்னொருவருக்கு பி.எட். என்றால் இரண்டு வருஷம், நூலக அறிவியல் பட்டமான பி.லிப். ஒரே வருஷம் என்ற கணக்கு. பாலக்கோட்டுச் சகோதரி கைக்குழந்தையோடு தொலைநிலைக் கல்வியில் படித்தவர். வீட்டிலிருந்தபடி படிக்க முடிந்தது என்பதே அவருக்குக் காரணம்.

இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். கணக்கு வாத்தியாராக இருந்த ரங்கநாதனே 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த புதிதில், வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தவர்தான். லண்டன் போய் நூலகங்களைப் பார்த்த பிறகே மனசு மாறியது என்றார். சரி, அவருக்கே அப்படியென்றால் நம் பிள்ளைகளை என்ன சொல்வது.

படிப்பில் குறை சொன்னவர்கள் குறைவு. அரூர் மாணவி ஒருவர், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்ற எண் உண்டென்று தெரிந்த நாளிலிருந்து வீட்டு அலமாரியைக்கூடச் சும்மா பார்க்க முடியவில்லை என்றபோது கூட்டமே சிரித்தது. ஆனால் நூலகப் புத்தகங்களைப் பதிந்து வைக்கும் 'கோஹா' மென்பொருளைப் புத்தகத்தில் படித்ததோடு சரி, கணினியில் தொட்டதில்லை என்று இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள்.

மனக்குறையெல்லாம் படிப்பு முடிந்த பிறகுதான். கல்லூரி வேலைக்கு எம்.லிப். மட்டும் போதாது, நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்விலும் தேற வேண்டும். பொது நூலக வேலைக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். ஒரு தனியார் பள்ளியில் நூலகராகச் சேர்ந்தவருக்கு, யாராவது ஆசிரியர் லீவு போட்டால் வகுப்பைப் பார்ப்பதும், மாதக் கடைசியில் பீஸ் ரசீது எழுதுவதுமே வேலை. போதாக்குறைக்கு, 'புத்தகம் எடுத்துக் கொடுக்க ஒரு பட்டமா?' என்று சொந்தக்காரர்கள் வேறு.

வீட்டு வரி ரசீதை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் நூலக வரி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு, அதிலேயே சேர்ந்திருக்கும். நூலகர் இடம் காலியாகக் கிடந்தால் கேட்கிற உரிமை நமக்கும் உண்டு. அதற்கான மனுவை எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

அப்புறம், நன்கொடையாக வந்து மூட்டையாகவே கிடக்கும் புத்தகங்களைக் கோஹாவில் ஏற்றித் தர அந்த இரண்டு பேரும் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பழகிய மாதிரி ஆகும். ஒரு லேப்டாப் வேண்டும். பழசாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் சும்மா வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.


செயலாளர்