பழைய வீட்டு மாடியில் குளியலறை

ஆசிரியருக்கு,

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் மாடிப் படுக்கையறையின் மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்குகிறார்கள். பெரும்பாலும் டைல்ஸைத்தான் முதலில் தேர்வு செய்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, கழிவுக் குழாய் எந்தச் சுவர் வழியாக இறங்கும் என்பதுதான்.

பழைய மாடித் தளங்களில் குளியலறைக் குழாய்களைப் பதிக்கப் பள்ளம் விட்டிருக்க மாட்டார்கள். எனவே தரையை 20 செ.மீ. உயர்த்தி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்புவது வழக்கமாகிவிட்டது. இது ஆபத்து. அந்த நிரப்பே சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டக்கூடும். வீட்டுத் தளத்தின் பயன்பாட்டுச் சுமையோ (ஆட்கள், பொருட்களின் எடை) பொதுவாக 200 கிலோ என்றே கணக்கிடப்படுகிறது. உள்ளே ஒரு குழாய் இணைப்பு கசிந்தால் நிரப்பு முழுதும் ஊறி, கீழ்வீட்டுக் கூரையில் கம்பி துருப்பிடிக்கும்.

வெளிச்சுவரை ஒட்டி இடம் ஒதுக்குங்கள். பி-டிராப் கோப்பை (கழிவு வாய் பின்சுவரை நோக்கியிருக்கும் கழிப்பறைக் கோப்பை) வைத்தால் 110 மி.மீ. குழாய் சுவர் வழியே நேராக வெளியேறும். தரையை உயர்த்த வேண்டியதில்லை. தரையில் விழும் நீர் வடியும் குழாய்க்கான துளையை, வட்டமாக அறுத்துத் துளையிடும் கோர் இயந்திரத்தால், கம்பி இல்லாத இடம் பார்த்துப் போட வேண்டும். உளியால் உடைக்கவே கூடாது.

நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சைச் சுவரிலும் ஓரடி ஏற்றிப் பூசி, டைல்ஸ் ஒட்டும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அளவு 4க்கு 7½ அடிக்குக் குறைய வேண்டாம். கதவு வெளிப்புறம் திறக்கட்டும். உள்ளே முதியவர் விழுந்தால் உள்திறக்கும் கதவை அவர் உடலே அடைத்துவிடும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சி