அக்கிக்கு மூன்று நாள்தான் அவகாசம்

சுகாதாரப் பணிகளுக்கும் அரசு மருந்துக் கிடங்குகளுக்கும் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

என் தாயாருக்கு அக்கி கண்டபோது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கிடைக்காதது பற்றிச் சென்ற ஆண்டு குறைதீர் நாளில் நான் அளித்த மனு தங்கள் கோப்பில் இருக்கிறது. அதற்குத் தாங்கள் அனுப்பிய பதில் என் கையில் இருக்கிறது. ‘அத்தியாவசிய மருந்துகள் யாவும் போதிய அளவில் இருப்பில் உள்ளன’ என்ற அந்த ஒற்றை வரியை நம்பித்தான் பதினான்கு மாதங்கள் பேசாமல் இருந்தேன். சென்ற வாரம் எங்கள் தெருவில் பெரியவர் ஒருவருக்கு விலாவில் அக்கி கண்டது. அவரை அதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். அதே மருந்து ஜன்னலில், “மாத்திரை இல்லை, திங்கட்கிழமை வாருங்கள்” என்ற அதே பதில் கிடைத்ததால் இம்மடலை எழுத நேர்ந்தது.

கேட்பது பெரிதன்று. அக்கி வைரஸைப் பெருகவிடாமல் தடுக்கும் அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் மாத்திரை, ஒருவருக்கு ஏழு நாளுக்கு வேண்டிய முப்பத்தைந்தும், ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எந்நாளும் இருக்க வேண்டும்; அக்கி என்று கண்டறிந்த அன்றே அது நோயாளியின் கையில் சேர வேண்டும்.

என் தாயாருக்கு வயது 66. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் வலப்புற நெற்றியில் கொப்புளங்கள் கண்டன. சுகாதார நிலையத்தில் இருந்த இளம் மருத்துவர் பார்த்தவுடனே அக்கி என்று சரியாகச் சொன்னார். அவர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் ஜன்னலில் களிம்பு மட்டுமே இருந்தது. கிடங்குக்கு இண்டெண்ட், அதாவது மருந்து கேட்புச் சீட்டு, போட்டிருப்பதாகவும், திங்கட்கிழமை மாத்திரை வந்துவிடும் என்றும், அவசரமென்றால் வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அது அவசரமா இல்லையா என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை இலவசமாகக் கிடைக்கப்போகும் மாத்திரையை வெள்ளிக்கிழமையே பதினொரு கிலோமீட்டர் பேருந்தில் போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று, முழக்கணக்கில் பூக்கட்டி விற்று வாழும் ஒரு பெண்மணிக்கு எப்படித் தோன்றும்?

ஆகவே அவர் வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டார். காவியைக் குழைத்துக் கொப்புளங்களின் மேல் இறகால் எழுதுவார்கள். மூன்று நாள் எழுத வேண்டும் என்றார் வேளார். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளும் எழுதப்பட்டது. ஞாயிறு மாலை, மூக்கு நுனியில் புதிதாக எழும்பியிருந்த கொப்புளத்தையும் வீங்கிய இமையையும் பார்த்த அந்த முதியவர், “இது கண்ணுக்கு இறங்குது தாயி, இதுக்கு மேல எழுத மாட்டேன், டாக்டர்கிட்ட ஓடு” என்று சொல்லி, வைத்த தட்சிணையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண் பாதிக்கப்பட வாய்ப்பு மிகுதி என்பதைப் பிறகு மதுரையில் கண் மருத்துவர் சொல்லி அறிந்தேன். அவசரம் என்ற சொல்லை முதன்முதலில் எங்கள் குடும்பத்துக்குச் சொன்னவர் மண்பாண்டம் செய்பவர் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

திங்கட்கிழமை மாத்திரை வரவில்லை. புதன்கிழமை வரச் சொன்னார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எனக்குத் தகவல் வந்து, நான் இரவோடிரவாக ஊர் சேர்ந்து, செவ்வாயன்று மதுரைக்கு அழைத்துச் சென்று முதல் மாத்திரையை அவர் விழுங்கியபோது நான்கு நாள் கடந்திருந்தது.

அந்த நான்கு நாளின் பொருள் தாங்கள் அறியாததல்ல. ஆயினும் மருந்து ஜன்னலில் இருப்பவர்களுக்கும் இம்மடல் போய்ச் சேரக்கூடும் என்பதால் எழுதுகிறேன். சிறு வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், வேப்பிலைக் குளியலோடு நம்மைவிட்டுப் போய்விடுவதில்லை. நரம்பின் வேர்ப்பகுதியில் ஒடுங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளரும்போதோ அதே நரம்பின் வழியே வெளிவருவதுதான் அக்கி. அசைக்ளோவிர் அந்த வைரஸைத் தேடிக் கொல்லும் மருந்தல்ல. வைரஸ் புகுந்த உயிரணுவுக்குள் அந்த வைரஸே உண்டாக்கும் ஒரு நொதிதான் இம்மருந்தைத் தூண்டிச் செயல்பட வைக்கிறது. தூண்டப்பட்ட மருந்து, வைரஸ் தன் மரபிழையைப் படியெடுக்கும்போது இடையில் புகுந்து இழை மேலும் நீளாமல் நிறுத்திவிடுகிறது. வைரஸ் புகாத உயிரணுவில் அது பெரும்பாலும் செயலற்றே கிடக்கும். எதிரியின் சாவியாலேயே திறக்கும் இந்தப் பூட்டை உருவாக்கிய ஆய்வுக் குழுவை வழிநடத்திய ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

படியெடுப்பதைத் தடுப்பதுதான் அதன் வேலை என்பதால், வைரஸ் வேண்டிய மட்டும் பெருகி முடித்தபின் கொடுத்தால் அதற்குத் தடுக்க அதிகம் மிச்சமிருப்பதில்லை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று மருத்துவ நூல்கள் வலியுறுத்துவது இதனால்தான். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அக்கி கண்டவர்களில், மருந்து எடுக்காவிட்டால் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கண் பாதிக்கப்படும். உரிய நேரத்தில் மாத்திரை எடுத்தவர்களில் அது நூற்றுக்கு 20 முதல் 30 பேர் என்ற அளவுக்குக் குறையும். கொப்புளத்தின் மேல் தடவும் களிம்பு இந்த வேலையைச் செய்யாது. அக்கிக்குப் பின் நீடிக்கும் நரம்பு வலியை மாத்திரை முற்றிலும் தடுத்துவிடும் என்று நான் வாதாடவில்லை; மருத்துவர்களே அவ்வாறு உறுதி கூறுவதில்லை. ஆனால் என் தாயாருக்கு அந்த வாய்ப்புக்கூட வழங்கப்படவில்லை.

அவருடைய வலக்கண்ணின் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை மங்கிவிட்டது. அதைக்கூட அவர் பெரிதாகச் சொல்வதில்லை. பூக்கட்டுவதற்கு விரல் போதும் என்பார். அவரால் தாங்க முடியாதது நெற்றிதான். நினைவு தெரிந்த நாள் முதல் காலணா அளவுக் குங்குமம் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. இப்போது குங்குமம் வைக்க விரல் பட்டாலே தீக்கங்கு பட்டதுபோல் துடிக்கிறார். வலப்பக்கம் சீப்பு வைக்க முடியாததால் அந்தப் பக்கத்து முடியை வெட்டிவிட்டோம். மின்விசிறிக் காற்று நெற்றியில் படக்கூடாது என்பதற்காகச் சித்திரை மாதத்திலும் விசிறி இல்லாத சமையலறையில் படுத்துக்கொள்கிறார். வாசலில் பூக்கூடையோடு உட்கார்ந்தால், வாங்க வருபவர்கள், “என்ன அக்கா, நெத்தி வெறுமையா இருக்கு?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல விரும்பாமல், வியாபாரத்தை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து சரம் மட்டும் தொடுக்கிறார்.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எங்கள் வீட்டு வாசலுக்கே வருகிறது. அதற்கு மனமார நன்றி. சளிக்கும் காய்ச்சலுக்கும், வைரஸ் என்று தெரிந்தும், பாக்டீரியாவை மட்டுமே கொல்லும் மாத்திரைகள் அதே ஜன்னலில் கை நிறையக் கிடைக்கின்றன. அவை தீர்ந்துபோனதாக நான் ஒருநாளும் கேட்டதில்லை. வைரஸுக்கென்றே செய்யப்பட்ட ஒரு மருந்து, 1980களிலிருந்து உலகெங்கும் பயன்பாட்டில் உள்ளது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றது, நம் நாட்டு நிறுவனங்களே தயாரிப்பது, அது மட்டும் எப்போதும் திங்கட்கிழமைதான் வருகிறது. வைரஸுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை உண்டென்று அரசாணை ஏதும் இருந்தால், அதன் நகலைத் தயைகூர்ந்து எங்கள் ஊருக்கும் அனுப்பி உதவுங்கள்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன்; பொறுத்தருள வேண்டுகிறேன். முப்பத்தைந்து மாத்திரைகள் கொண்ட பொட்டலங்கள் சிலவற்றைப் பாம்புக்கடி மருந்துபோல் அவசர இருப்பாக ஒவ்வொரு நிலையத்திலும் ஒதுக்கி வையுங்கள். தீரும் தறுவாயில் பக்கத்து நிலையத்திலிருந்து அன்றே பெற்றுக்கொள்ளும் அதிகாரத்தை மருந்தாளுநருக்கு வழங்குங்கள். அதுவும் இயலாத நாளில், “மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும், காத்திருக்காதீர்கள்” என்ற ஒரு வாக்கியத்தையாவது சீட்டில் எழுதித் தரச் செய்யுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டிய மருந்து இது என்பதால், எங்களாகவே கடையில் வாங்கி விழுங்கிக்கொள்வதும் முறையாகாது. மருத்துவர் பார்த்து, அங்கேயே தருவதுதான் முறை.

எங்கள் தெருப் பெரியவருக்கு நான் அன்று மாலையே வெளியில் வாங்கிக் கொடுத்துவிட்டேன்; அவர் தேறி வருகிறார். அடுத்து வருபவருக்கு மாத்திரை இருப்பில் இருக்குமா என்பதைத் தயவுசெய்து எழுத்தில் தெரிவியுங்கள். இம்முறை மருந்தின் பெயரும், கையிருப்பின் எண்ணிக்கையும், அந்த நிலையத்துக்கு அது போய்ச் சேர்ந்த தேதியும் பதிலில் இருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வைகைக் கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பூக்காரியின் மகள்