அணிலா, அண்ணானா?

ஆரியங்காவு

அன்புள்ள சுப்பையா,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது, கோபிக்காதே. பேத்தியோடு திருவனந்தபுரத்துக்கு அலைந்துகொண்டிருந்தேன்.

ஓணத்துக்கு முன்னால் அவளுக்குத் தொண்டை வலி. இரண்டு நாளில் சரியானது, மறந்தும் விட்டோம். மார்கழியில் கையிலிருந்த டம்ளர் நழுவ ஆரம்பித்தது. எழுத்து கோழி கிண்டின மாதிரி ஆனது. உட்கார்ந்த இடத்தில் தோளும் முகமும் தானாக ஆடும். பள்ளிக்கூடத்தில் சேட்டை என்று வெளியே நிறுத்தினார்கள். டாக்டர் தன் விரலைப் பிடிக்கச் சொன்னார். பிடி இறுகுவதும் தளர்வதுமாக, மாட்டில் பால் கறக்கிற மாதிரி இருந்தது. அதுவே அடையாளமாம். நோயின் பேர் சிடன்ஹாம் கொரியா; சிடன்ஹாம் என்பது 1686-ல் இதை எழுதிவைத்த இங்கிலாந்து வைத்தியர் பெயர். தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்க உடம்பு செய்த எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் மூளையில் அசைவை அடக்கி வைக்கிற இடத்தையும் தாக்குகிறது. தூங்கினால் ஆட்டம் நின்றுவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே அவள் அம்மா பாதி ராத்திரி உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் மருந்தில் அடங்கி வருகிறது. என்னை உறுத்துவது பேச்சு. வார்த்தையைத் தேடி எடுப்பதிலும் மூளையின் அந்த இடத்துக்குப் பங்கு உண்டாம். ஒரு நிமிஷத்தில் மிருகங்கள் பேரைச் சொல்லு என்று மலையாளத்தில் கேட்டார்கள். ஆன, பூச்ச, பட்டி என்று ஏழு சொன்னாள். நடுவில் 'அணில்' என்றவள் பதறி 'அண்ணான்' என்று திருத்தினாள், அதிலேயே பத்து நொடி போச்சு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டு குதிர் உள்ள வீட்டில் ஒன்றை மட்டும் திறந்து அளக்கலாமா என்று கேட்டுவிட்டேன். சோதித்த அம்மையார் முகம் சுளிக்கவில்லை, இரண்டிலும் சொல்லச் சொன்னார். பத்து வந்தது.

பத்தும் அவளுக்குக் குறைச்சல்தான். மிளாவையும் கேளையாட்டையும் குரலிலேயே பிரித்துச் சொல்கிற பிள்ளை. "உள்ள இருக்கு தாத்தா, வெளிய வரமாட்டேங்குது" என்றாள்.

தங்கச்சி சோட்டானிக்கரை பகவதி கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறாள். போகலாம், கும்பிடலாம். ஆனால் 21 நாளுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை எந்தச் சாமிக்காகவும் தள்ள முடியாது. தொண்டைக்கு மறுபடி வந்தால் ஆட்டமும் திரும்பலாம், இதய வால்வும் கெடலாம்.

அன்று ரயில் தென்மலை தாண்டி, பதின்மூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது, என் மடியில் பாதித் தூக்கத்தில் முனகினாள்: "மிளா... மரநாய்... கீரி..." அந்த ஒரு நிமிஷம் முடிந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது.

உன்
சங்கரன்